மண்ணிலும் நீரிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகள்: வாசகர் கேள்வி பதில்

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அவை மருத்துவமனைகளில் மட்டுமல்லாமல் ஆறு, மண், சாக்கடை ஆகியவற்றிலும் இருக்கின்றன என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இந்த இதழின் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் நூறு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதற்குள் மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலை எப்படிப் பெற்றன?

பதில்: அந்த ஆற்றல் மருந்துகளைவிட மிக மிக மூத்தது. நாம் ஆன்டிபயாடிக் என்று அழைக்கும் பொருள்களில் பெரும்பாலானவை, மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தாமே தயாரித்துவரும் பொருள்கள், அல்லது அவற்றைச் சற்றே மாற்றியமைத்தவை. காசநோய்க்குக் கிடைத்த முதல் பயனுள்ள மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை, 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸும் செல்மன் வாக்ஸ்மனும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். வான்கோமைசின், போர்னியோ தீவுக் காட்டிலிருந்து 1950-களின் தொடக்கத்தில் எடுத்துவரப்பட்ட மண்ணிலிருந்து கிடைத்தது. மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குவதும் பெரும்பாலும் இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கூட்டம்தான் என்பதைச் சொன்னால், அவை எவ்வளவு பரவலானவை என்பது விளங்கும்.

நச்சுப் பொருளைத் தயாரிக்கும் உயிர், முதலில் அந்த நச்சிலிருந்து தன்னைக் காத்துக்கொண்டாக வேண்டும். ஆகவே ஆன்டிபயாடிக்கைத் தயாரிக்கும் மரபணுக்களுக்கு அருகிலேயே அதை முறியடிக்கும் மரபணுக்களும் அந்தப் பாக்டீரியாவில் அமைந்திருக்கின்றன. பக்கத்தில் வாழும் பாக்டீரியாக்களும் பிழைத்திருக்க வேண்டுமானால் தத்தமக்கு ஒரு தற்காப்பைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் பென்சிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததை 2011-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள லெச்சுகியா குகையில், 40 லட்சம் ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பே இல்லாத ஆழமான பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட பாக்டீரியாக்களில் சில, இன்று விற்பனையில் உள்ள 14 ஆன்டிபயாடிக்குகள் வரை தாக்குப்பிடித்தன. அந்தப் பாக்டீரியாக்களின் முன்னோர்கள் எந்த மருத்துவரையும் எந்த மாத்திரையையும் சந்தித்தவை அல்ல.

அப்படியானால் இயற்கையாகவே இருப்பதைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். மண்ணில் அந்த மரபணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பெரும்பாலும் நமக்குத் தீங்கு செய்யாத உயிர்களிடத்தில் இருந்தன. அவற்றை நம் உடலைத் தாக்கும் கிருமிகளிடம் கொண்டுவந்து சேர்த்ததும், சேர்ந்தவை பல்கிப் பெருகுவதற்கான சூழ்நிலையை ஏற்படுத்திக் கொடுத்ததும் கடந்த எண்பது ஆண்டுகளில் நடந்தவை. கவலை அதைப் பற்றியது.

கேள்வி: அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் உடம்புக்குப் பழகிப்போய் மருந்து வேலை செய்யாது என்கிறார்களே, அதுதான் எதிர்ப்புத்திறனா?

பதில்: இல்லை. பழகுவது உடம்பு அன்று. எதிர்ப்புத்திறன் முழுக்க முழுக்கக் கிருமியைச் சேர்ந்த பண்பு. வாழ்நாளில் ஒருமுறைகூட ஆன்டிபயாடிக் உட்கொள்ளாத ஒருவருக்கும், எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமி குடிநீர் வழியாகத் தொற்றினால், முதல் நாளிலேயே மருந்து பலனளிக்காமல் போகும். இந்தத் தவறான எண்ணம், "நான் மருந்தே சாப்பிடுவதில்லை, எனக்கு இந்தப் பிரச்சினை வராது" என்ற பொய்யான நிம்மதியைத் தருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கிருமியும்கூட, மருந்தைக் கண்டு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. பாக்டீரியா பிரிந்து பெருகும்போது டிஎன்ஏவைப் படியெடுப்பதில் அவ்வப்போது பிழைகள் நேர்கின்றன. அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று, மருந்து வருவதற்கு முன்பே, தற்செயலாக மருந்தைத் தாங்கும் தன்மையைத் தந்துவிடுகிறது. இதை ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் 1952-இல் மிக எளிய கருவி ஒன்றைக் கொண்டு நிறுவினார்கள். தட்டில் வளர்ந்திருந்த பாக்டீரியாக் கூட்டங்களின் மீது வெல்வெட் துணி போர்த்திய ஒரு கட்டையை மெல்ல ஒற்றி எடுத்து, அதே துணியை மருந்து கலந்த வேறு தட்டுகளின் மீது ஒற்றினார்கள். துணியின் நுண்ணிய இழைகள் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சில பாக்டீரியாக்களை அதே இட அமைப்பில் எடுத்துச் சென்றன. மருந்துத் தட்டுகளில் பிழைத்தவை ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில்தான் முளைத்தன. அதாவது, மருந்தைத் தாங்கக்கூடியவை மூலத் தட்டிலேயே, மருந்தின் வாடையே படாத நிலையில், அந்தந்த இடத்தில் முன்னமே இருந்தன. மருந்து செய்தது, மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்தது மட்டுமே.

இதன் வேகத்தைக் கண்ணால் காண விரும்பியவர்களுக்காக, 2016-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கடி நீளமுள்ள ஒரு பெரிய தட்டைப் பட்டைகளாகப் பிரித்து, ஓரங்களில் மருந்தே இல்லாமலும் நடுவை நோக்கிச் செல்லச் செல்லப் பல மடங்கு கூடுதல் மருந்தோடும் அமைத்தார்கள். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாக்கள் ஒவ்வொரு எல்லையிலும் சற்று நேரம் தேங்கி நின்று, பின்பு ஏதோ ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல விரிந்து அடுத்த பட்டைக்குள் புகுந்தன. முதலில் அவற்றைத் தடுத்து நிறுத்திய அளவைப்போல ஆயிரம் மடங்கு மருந்து இருந்த நடுப்பட்டையை அவை இரண்டு வாரங்களுக்குள் எட்டிவிட்டன.

கேள்வி: ஆற்றுநீரிலும் மண்ணிலும் உள்ள பாக்டீரியாக்கள் எல்லாமே நோய் உண்டாக்குபவையா?

பதில்: மிகப் பெரும்பாலானவை நமக்கு எந்தத் தீங்கும் செய்யாதவை, அவை இல்லாவிட்டால் மண்ணில் எதுவும் மட்காது, பயிரும் வளராது. நோய் உண்டாக்குபவற்றை இரு பிரிவாகப் பார்ப்பது நல்லது. டைபாய்டு கிருமியைப் போன்றவை மனிதக் குடலிலிருந்து வெளியேறி, நீரில் சிலகாலம் பிழைத்திருந்து, மறுபடியும் ஒரு குடலைத் தேடுபவை. இவற்றுக்குச் சுற்றுச்சூழல் ஒரு வழித்தடம். மற்றவற்றுக்கோ அதுவே நிரந்தர வீடு. காலராக் கிருமி உப்பங்கழிகளில் நுண்ணிய மிதவை உயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கியதால் கண்டறியப்பட்ட லெஜியோனெல்லா, வெதுவெதுப்பான தேங்குநீரில் அமீபாக்களுக்குள் பெருகுகிறது. மெலியாய்டோசிஸ் நோயைத் தரும் பர்கோல்டேரியா ஈரமண்ணில் வாழ்ந்து, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்குகிறது.

நோய் உண்டாக்கும் தன்மையும் மருந்தை எதிர்க்கும் தன்மையும் வெவ்வேறானவை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். லெஜியோனெல்லா ஆபத்தானது, ஆனால் உரிய மருந்துக்குப் பொதுவாக இன்றும் கட்டுப்படுகிறது. பர்கோல்டேரியா பென்சிலின், ஜென்டாமைசின் உள்ளிட்ட பல மருந்துகளைப் பிறவியிலேயே எதிர்க்கிறது. மருத்துவமனைகளைக் கலங்கடிக்கும் சூடோமோனாஸ் மண்ணிலும் நீரிலும் வாழப் பழகிய உயிர். மருந்து எளிதில் நுழைய முடியாத வெளிச்சவ்வும், நுழைந்த மருந்தை வெளியே தள்ளும் புரதப் பம்புகளும் அதற்கு ஏற்கெனவே உண்டு. கைகழுவும் தொட்டியின் வடிகுழாயில் வழவழப்பான படலமாகப் படிந்துவிட்டால், கிருமிநாசினியை ஊற்றினாலும் படலத்தின் அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்கின்றன.

கேள்வி: மண்ணில் உள்ள தீங்கற்ற பாக்டீரியாவின் எதிர்ப்பு மரபணு, முற்றிலும் வேறு இனமான நோய்க்கிருமிக்கு எப்படிப் போய்ச் சேரும்? மாட்டின் மரபணு மனிதனுக்கு வருவதில்லையே?

பதில்: நல்ல கேள்வி. விலங்குகளைப் பற்றி நாம் அறிந்திருக்கும் விதி பாக்டீரியாக்களுக்குப் பொருந்தாது என்பதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பாக்டீரியாவின் முதன்மையான டிஎன்ஏவைத் தவிர, பிளாஸ்மிட் என்னும் சிறிய வளைய வடிவ டிஎன்ஏவும் அதில் தனியாக இருக்கலாம். இரண்டு பாக்டீரியாக்கள் அருகருகே வரும்போது, ஒன்று நுண்குழல் போன்ற இழையை நீட்டி மற்றதை இழுத்து ஒட்டிக்கொண்டு, பிளாஸ்மிட்டின் படி ஒன்றை அதற்குள் செலுத்திவிடுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தப் பரிமாற்றத்துக்கு இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது தவிர, இறந்த பாக்டீரியாவிலிருந்து சிதறிய டிஎன்ஏவை உறிஞ்சிக்கொள்வதும், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் மரபணுவைச் சுமந்து செல்வதும் உண்டு.

1950-களில் ஜப்பானில் சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி, ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்கு எதிர்ப்புக் காட்டத் தொடங்கியது. அதே நோயாளியின் குடலில் இருந்த சாதாரண ஈ.கோலையும் அதே நான்கு மருந்துகளையும் எதிர்த்தது. ஒரு கிருமியில் நான்கு தனித்தனிப் பிழைகள் ஒரே சமயத்தில் நேர்வது நடவாத காரியம் என்பதால், எதிர்ப்பு மொத்தமாகக் கைமாறுகிறது என்ற முடிவுக்கு டோமோயிச்சிரோ அகிபாவும் குனிதாரோ ஓச்சியாயும் 1959-இல் வந்தார்கள். ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்க முடியும் என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது.

செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைச் சிதைக்கும் சி.டி.எக்ஸ்-எம் என்னும் நொதியின் மரபணு, இன்று உலகம் முழுவதும் சிறுநீர்த் தொற்றுக் கிருமிகளில் காணப்படுகிறது. அதன் மூலத்தைத் தேடிப் போனவர்கள் அதைக் குளுய்வேரா என்ற, பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராத சுற்றுச்சூழல் பாக்டீரியாவின் முதன்மை டிஎன்ஏவில் கண்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கிலிருந்து பாக்டீரியாவைக் காக்கும் ஒரு மரபணுவும், கார்பபெனம் என்னும் உயர்நிலை மருந்துகளைச் சிதைக்கும் வேறொரு மரபணுவும் நீர்நிலைகளில் வாழும் ஷிவனெல்லா இனத்திலிருந்து புறப்பட்டவை. மருத்துவமனையில் திடீரென முளைத்ததாகத் தோன்றும் எதிர்ப்பின் ஊற்றுக்கண் இப்படிப் பல முறை ஒரு நீர்நிலையிலோ மண்ணிலோ இருந்திருக்கிறது.

பயணம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. கார்பபெனம் மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 மரபணுவை, புது தில்லியின் பொது இடங்களிலிருந்து எடுத்த நீரில் தேடிய ஆய்வு 2011-இல் வெளியானது. தெருவோரம் தேங்கியும் ஓடியும் கிடந்த நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளில் 2-இலும் அந்த மரபணு இருந்தது. அதைச் சுமந்திருந்தவற்றுள் காலராக் கிருமியும் ஷிகெல்லாவும் அடங்கும். அந்தப் பிளாஸ்மிட்டுகள் ஆய்வுக்கூடத்தில் மிகச் சுறுசுறுப்பாகக் கைமாறிய வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். உடலின் வெப்பநிலையைவிடக் குறைவான, வெப்பநாடுகளின் திறந்தவெளி நீரில் ஆண்டின் பல மாதங்கள் இயல்பாக நிலவும் வெப்பம் அது.

கேள்வி: கழிவுநீரைச் சுத்திகரித்துத்தானே ஆற்றில் விடுகிறார்கள்? பிறகும் ஆற்றில் எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாக்கள் இருப்பது ஏன்?

பதில்: முதலில், உலகின் பல பகுதிகளில் கழிவுநீரின் பெரும்பங்கு எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமலேயே நீர்நிலைகளில் கலக்கிறது. சுத்திகரிக்கப்படும் இடங்களிலும், நிலையங்கள் எதற்காக வடிவமைக்கப்பட்டன என்பதைப் பார்க்க வேண்டும். நீரில் கரைந்துள்ள கரிமப் பொருளையும் சத்துகளையும் திடப்பொருளையும் குறைப்பதே அவற்றின் முதன்மைப் பணி. பாக்டீரியாக்களில் பெரும்பகுதியையும் அவை நீக்கிவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் உள்ளே வரும் எண்ணிக்கை அவ்வளவு பெரியது என்பதால், எஞ்சிச் செல்லும் சிறு விழுக்காடும் ஏராளம்.

அதைவிட, நிலையத்தின் உள்ளே நடப்பதைக் கவனிக்க வேண்டும். காற்று ஊட்டப்படும் தொட்டியில் பழுப்பு நிறச் சேறு நுரைத்துப் புரள்கிறது. அழுக்கைத் தின்று தீர்ப்பதற்காகவே வளர்க்கப்படும் பாக்டீரியாக்கள் அதில் சிறுசிறு திரள்களாக நெருங்கிக் கிடக்கின்றன. வீடுகளிலிருந்து வந்த குடல் பாக்டீரியாவும், மருத்துவமனையிலிருந்து வந்த கிருமியும், மண்ணையும் நீரையும் சேர்ந்தவையும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நாம் உட்கொள்ளும் ஆன்டிபயாடிக்குகளில் பலவற்றின் கணிசமான பகுதி சிதையாமல் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுவதால், மருந்தும் சிறிதளவு அங்கே கலந்திருக்கிறது. மரபணுக்கள் கைமாற இதைவிட வசதியான இடம் அமைவது அரிது. நிலையத்தில் பிரியும் சேற்றை வயலுக்கு உரமாக இடும்போது அவற்றில் சில மண்ணுக்கும் போகின்றன.

"சிறிதளவு மருந்து கிருமியைக் கொல்லாதே, அதனால் என்ன கேடு?" என்று ஒரு வாசகர் தனியாகக் கேட்டிருக்கிறார். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இதற்கு விடை கண்டார்கள். கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்து இருந்தால்கூட, எதிர்ப்புத்திறன் கொண்டவை மற்றவற்றை மெல்ல மெல்ல முந்திவிடும். எதுவும் சாவதில்லை. எதிர்ப்பற்றவை சற்றே மந்தமாகப் பெருகுகின்றன, அந்தச் சிறு வேறுபாடு தலைமுறை தலைமுறையாகக் கூடிக்கொண்டே போகிறது. ஆற்றுநீரில் உள்ள மருந்தின் அளவு அற்பமானது என்று சொல்லித் தள்ளிவிட முடியாததன் காரணம் இது.

எல்லா இடங்களிலும் அது அற்பமாகவும் இல்லை. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் ஏறத்தாழ 90 மருந்து உற்பத்தி நிறுவனங்களின் கழிவைப் பெற்ற ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஆராய்ந்தவர்கள், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-இல் வெளியிட்டார்கள். மருந்து உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் எட்டப்படும் அளவையே அது பல மடங்கு மிஞ்சுகிறது. உயிர்காக்கும் மருந்தைத் தயாரிக்கும் இடமே அதன் ஆற்றலை அழிக்கும் இடமாகவும் ஆவது மிகுந்த வேதனைக்குரியது. ஆன்டிபயாடிக் தயாரிப்பில் உண்டாகும் கழிவுநீரையும் திடக்கழிவையும் கையாள்வதற்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில்தான் வெளியிட்டது. அந்த முதல் எச்சரிக்கைக்கும் இதற்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கடந்துவிட்டன.

என் கருத்தில் இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான செய்தி இனி வருவது. 60 நாடுகளின் 79 இடங்களிலிருந்து கழிவுநீரைச் சேகரித்து எதிர்ப்பு மரபணுக்களை அளந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. ஒரு நாட்டின் கழிவுநீரில் எதிர்ப்பு மரபணுக்கள் எவ்வளவு செறிந்திருக்கின்றன என்பது, கழிப்பறை வசதி, பொதுச் சுகாதாரம், சமூகப் பொருளாதார நிலை ஆகியவற்றோடு வலுவாகப் பொருந்தியிருந்தது. அந்நாட்டு மக்கள் எவ்வளவு ஆன்டிபயாடிக் உட்கொள்கிறார்கள் என்பது மட்டும் அந்த வேறுபாட்டை விளக்கப் போதவில்லை. மருந்துச் சீட்டைக் கட்டுப்படுத்துவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது கழிவுநீர்க் குழாய்க்கும் தூய குடிநீருக்கும் காட்டாத நாடு, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புகிறது.

கேள்வி: எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியா நீரைக் கொதிக்க வைத்தாலும் சாகாதா?

பதில்: சாகும். ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் தன்மைக்கும் வெப்பத்தைத் தாங்கும் தன்மைக்கும் தொடர்பு இல்லை. நீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க விட்டால் குடல்நோய்க் கிருமிகள், மருந்துக்கு அடங்கியவையும் அடங்காதவையும் ஒன்றுபோல, அழிந்துவிடும். கொதிநிலையையும் தாங்கும், கெட்டியான உறை கொண்ட வித்துகளைச் சில மண் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது வேறு விஷயம், குடிநீர் வழியாகப் பரவும் வயிற்றுப்போக்கு நோய்களுக்கு அவை காரணமல்ல. சோப்பினால் கைகழுவுவதும் இதேபோலத்தான், எந்தக் கிருமியானாலும் அது நீரோடு போய்விடும். கிருமிநாசினி கலந்த சிறப்புச் சோப்பு தேவையில்லை. சாதாரண சோப்பைவிட அது மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லி, ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைக் கைகழுவும் சோப்புகளில் சேர்க்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் தடை விதித்தது.

கேள்வி: கால்நடைகளுக்குத் தரும் மருந்து மனிதர்களைப் பாதிக்கும் என்பதை நம்ப முடியவில்லை. நோயுற்ற விலங்குக்கு மருந்து தரக் கூடாதா?

பதில்: நோயுற்ற விலங்குக்கு மருந்து தரத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆட்சேபம் எழுவது, நோயே இல்லாத விலங்குகளின் தீவனத்தில், அவை விரைவாகக் கொழுக்க வேண்டும் என்பதற்காக, நாள்தோறும் சிறிதளவு ஆன்டிபயாடிக்கைக் கலக்கும் வழக்கத்துக்கே. மேலே சொன்ன அந்தக் கொல்லாத சிறு அளவு, ஆயிரக்கணக்கான விலங்குகளின் குடலில், மாதக்கணக்கில் நீடிக்கிறது. சாணமும் எச்சமும் வயலுக்குப் போகின்றன. மீன் வளர்ப்பில் மருந்து நேரடியாக நீரிலேயே கலக்கப்படுகிறது.

கோலிஸ்டின் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும் பழைய மருந்து என்பதால் பல்லாண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. மற்ற மருந்துகள் தோற்றபின் அதுவே கடைசிப் புகலிடமாயிற்று. அதே மருந்து பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் தீவனத்தில் தரப்பட்டுவந்தது. அதை எதிர்க்கும், பிளாஸ்மிட்டில் பயணம் செய்யக்கூடிய எம்.சி.ஆர்-1 மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015 நவம்பரில் அறிவித்தபோது, அது பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிடமும் ஏற்கெனவே இருந்தது. சீனா 2017-இல் கோலிஸ்டினை வளர்ச்சியூக்கியாகப் பயன்படுத்துவதை நிறுத்தியது. அடுத்த ஆண்டுகளில் பன்றிகளிடம் கோலிஸ்டின் எதிர்ப்புக் கொண்ட ஈ.கோலை வெகுவாகக் குறைந்தது. இந்தியாவும் 2019-இல் உணவுக்கான விலங்குகளில் அதைத் தடை செய்தது. ஸ்வீடன் வளர்ச்சியூக்கிகள் அனைத்தையும் 1986-இலேயே நிறுத்திவிட்ட நாடு. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006 முதல் அவற்றுக்கு அனுமதி இல்லை.

கேள்வி: அப்படியானால் ஒரு மருந்தைச் சில ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டுவிட்டால் எதிர்ப்புத்திறன் தானாக மறைந்துவிடுமா?

பதில்: சில வேளைகளில் குறையும், முற்றிலும் மறைவது அரிது. எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பது பாக்டீரியாவுக்கு ஒரு செலவு என்பதால், மருந்து இல்லாத சூழலில் அதைச் சுமக்காதவை சற்று வேகமாகப் பெருகும். ஆனால் அந்தச் செலவை ஈடுசெய்யும் மாற்றங்களைப் பாக்டீரியா காலப்போக்கில் பெற்றுவிட்டால், சுமையைக் கைவிட வேண்டிய தேவை இராது.

டென்மார்க்கில் நடந்தது இதைவிட நுட்பமானது. வான்கோமைசினுக்கு நெருங்கிய உறவான அவோபார்சினைத் தீவனத்தில் சேர்க்க அங்கு 1995-இல் தடை வந்தது. கோழிகளிடம் வான்கோமைசின் எதிர்ப்புக் கொண்ட என்டிரோகாக்கஸ் கிருமிகள் குறைந்தன. பன்றிகளிடமோ குறையவில்லை. பன்றிகளுக்கு டைலோசின் என்ற வேறொரு மருந்து தொடர்ந்து தரப்பட்டது. இரண்டு எதிர்ப்பு மரபணுக்களும் ஒரே பிளாஸ்மிட்டில் இருந்ததால், டைலோசின் வான்கோமைசின் எதிர்ப்பையும் சேர்த்தே காப்பாற்றிக்கொண்டிருந்தது. 1998-இல் டைலோசின் குறைக்கப்பட்ட பின்புதான் அங்கும் எண்ணிக்கை சரிந்தது. செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களை எதிர்க்கும் மரபணுக்களும் இப்படி மருந்து எதிர்ப்பு மரபணுக்களோடு இணைந்திருப்பதுண்டு. ஆகவே உலோகக் கழிவு தேங்கிய மண்ணில், ஆன்டிபயாடிக் ஒரு துளியும் இல்லாமலேயே அதற்கான எதிர்ப்பு நீடிக்க முடியும்.

கேள்வி: வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டலாமா?

பதில்: கூடாது. குப்பையில் அப்படியே எறிவதும் நல்லதன்று. மருந்துகளைத் திரும்பப் பெறும் ஏற்பாடு உள்ள இடங்களில் அங்கே ஒப்படைப்பதே சரி. மாத்திரை மிஞ்சுவது ஏன் என்பதையும் யோசிக்க வேண்டும். சளி, ஃப்ளூ போன்ற வைரஸ் தொற்றுகளுக்கு ஆன்டிபயாடிக் எந்தப் பயனும் தராது. மருத்துவர் எழுதித் தந்த மருந்தை அவர் சொன்ன நாள் வரை உட்கொள்ளுங்கள். பல தொற்றுகளுக்கு முன்பு நினைத்ததைவிடக் குறைந்த நாள்களே போதும் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டினாலும், நாளைக் குறைப்பது மருத்துவர் செய்ய வேண்டிய முடிவு. எஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்துவைப்பதும், பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

கேள்வி: பழைய மருந்துகள் பலனிழந்தால் புதியவற்றைக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா?

பதில்: முயல்கிறார்கள், ஆனால் வேகம் போதவில்லை. இன்று பயன்படும் ஆன்டிபயாடிக் வகைகளில் பெரும்பாலானவை 1940 முதல் 1960-கள் வரை கண்டறியப்பட்டவை. சில நாள்கள் மட்டும் உட்கொள்ளப்படும், கூடியவரை பயன்படுத்தாமல் சேமித்து வைக்க வேண்டிய ஒரு மருந்தில் நிறுவனங்களுக்கு வருவாய் குறைவு என்பதும் ஒரு காரணம். மறுபுறம், எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாக்கள் 2019-இல் மட்டும் 12.7 லட்சம் மரணங்களுக்கு நேரடிக் காரணமாக இருந்தன என்பது உலகளாவிய மதிப்பீடு.

மண் இன்னும் வற்றிவிடவில்லை. மண் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுப்பவை. அவற்றை நுண்துளைத் தகடுகளுக்குள் அடைத்து மண்ணிலேயே புதைத்து வளர்க்கும் முறையால் டெய்க்ஸோபாக்டின் என்ற பொருள் கிடைத்ததாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. மனிதர்களுக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை.

மற்றொரு வழி, பாக்டீரியாக்களை மட்டும் தாக்கும் பேஜ் வைரஸ்கள். ஃபெலிக்ஸ் தெரெல் 1917-இல் இவற்றை விவரித்தார். ஜார்ஜியா நாட்டின் திபிலிசி நகரில் 1923-இல் நிறுவப்பட்ட நிலையம் இன்றும் இவற்றைக் கொண்டு சிகிச்சை அளிக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் சான் டியகோவில், எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் தொற்றால் மயக்கநிலைக்குப் போன ஒரு பேராசிரியர், பேஜ்களைச் செலுத்தியபின் பிழைத்தார். கிருமி செழிக்கும் இடத்தில் அதன் பகையும் செழிக்கும் என்பதால், இத்தகைய பேஜ்களைச் சாக்கடை நீரிலும் தேடுகிறார்கள். ஆனால் ஒரு பேஜ் ஓர் இனத்தின் சில வகைகளை மட்டுமே தாக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய கிருமிக்குப் பொருந்துவதைத் தேடிப்பிடித்துத் தூய்மைப்படுத்த வேண்டும், பாக்டீரியா பேஜுக்கும் எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும் என்பதால் பலவற்றைக் கலந்து தர வேண்டும். எனவே இப்போதைக்கு அது, வேறு வழியற்ற நோயாளிகளுக்கு மருத்துவர்கள் ஒவ்வொருவராக முயன்று பார்க்கும் சிகிச்சையாகவே பெரும்பாலான நாடுகளில் இருந்துவருகிறது.